கடைக்கு ரேம்ப் போடப் போறீங்களா, மொதல்ல டேப்ப எடுங்க

மாற்றுத்திறனாளிங்க தடையில்லாம வந்து போற மாதிரி நம்ம ஏரியா கடைங்கள மாத்திக் குடுக்கலாம்னு ராமநாதபுரம் மாவட்டத்துல மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை பக்கம் நாலு பசங்க சேந்து கெளம்பினா வழக்கமா என்ன ஆகும்னா, ரெண்டு மூட்டை சிமெண்ட வாங்கி வாசல்ல சரிவா பூசிவிட்டு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சுட்டுப் போயிருவாங்க, அதுல யாராலயும் ஏற முடியாது. கடைக்காரங்களுக்கு பெரும்பாலும் மனசு இருக்கு, அளவுதான் தெரியல. அதனால அளவுலருந்தே ஆரம்பிக்கிறேன்.

படி எவ்ளோ உசரமோ அதுக்கு 12 மடங்கு நீளம் வேணும், கணக்கு அவ்ளோதான். அரை அடி படின்னா 6 அடி, ஒரு அடின்னா 12 அடி. இங்க ரோடு போடப் போட மழைத்தண்ணி உள்ள வந்துரும்னு கடைய ஒசத்திக்கிட்டே போறதால ஒன்றரை அடி வாசல் எல்லாம் சாதாரணம், அதுக்கு நேரா 18 அடி ரேம்ப் போட்டா எதுத்த கடைக்காரர் வீட்டுக்குத்தான் போகும். அப்ப என்ன பண்ணலாம்னா, செவுத்த ஒட்டி பக்கவாட்டுல ஏத்தலாம், பின்பக்க வாசல் தாழ்வா இருந்தா அதத் தொறந்து வைக்கச் சொல்லலாம், ரெண்டுமே இல்லன்னா ரோட்டுலருந்து கை எட்டுற உசரத்துல ஒரு காலிங் பெல் வச்சு ஆள் வெளிய வந்து சாமான் குடுக்கட்டும். கடைசி வழி மட்டமானதுதான், ஆனா செங்குத்தா ஒரு ரேம்ப் போட்டு ஒருத்தர பின்னாடி மல்லாக்க விழ வைக்கிறதுக்கு இது எவ்வளவோ தேவல.

ரேம்ப் அகலம் 4 அடி இருக்கட்டும், ஓரத்துல சக்கரம் எறங்காம ரெண்டு இஞ்ச் வரப்பு கட்டுங்க. மேல ஏறின ஒடனே கதவு இடிக்கக் கூடாது, சக்கர நாற்காலி திரும்ப 5 அடிக்கு 5 அடி சமதளம் வேணும். கடைக்காரர் டைல்ஸ் ஒட்டலாம்னு ஆசப்படுவாரு, விடாதீங்க, மழை நாள்ல அது வழுக்குமரம். பூச்சு காயுறதுக்கு முன்னாடி கொத்தனார்கிட்ட சொல்லி தொடப்பத்தால குறுக்க இழுத்து கோடு போட வைங்க. கடக்கரைதான் பக்கத்துல இருக்கேன்னு அந்த மணல அள்ளிக் கலக்கவும் விடாதீங்க, உப்பு கம்பிய தின்னுரும்.

தூக்கி வச்சு எடுக்குற ரேம்ப்தான் சின்னக் கடைங்களுக்கு சரியா வரும், ரோட்ட மறிக்கிற மாதிரி நிரந்தரமா கட்டினா நகராட்சி ஆளுங்க ஆக்கிரமிப்புன்னு இடிச்சுட்டுப் போற வாய்ப்பும் இருக்கு. பட்டறையில இரும்புல அடிச்சா கனம், உப்புக் காத்துல ரெண்டு வருஷத்துல பொரிஞ்சு போயிரும். எனக்கு தோணுறது, ஃபைபர் போட் ரிப்பேர் பண்றவங்ககிட்ட கேளுங்க, கரைக்குக் கரை இருக்காங்க. ஃபைபர் துருப்பிடிக்காது, ஒரு ஆளே தூக்கலாம், மேல பூசுற ரெசின் பசை ஈரமா இருக்கும்போதே மணல் தூவிட்டா பிடிமானமும் கெடைக்கும். எவ்ளோ வெயிட் தாங்கணும்னு மட்டும் முன்னாடியே சொல்லிருங்க, ஆளு, வண்டி, தள்ளுறவர் எல்லாம் சேத்து. நம்ம ராமேஸ்வரத்து கலாம் ஐயா ஹைதராபாத்துல ராக்கெட்டுக்கான லேசான பொருள வச்சு, போலியோ வந்த கால்ல மாட்டுற, 3 கிலோவுக்கு மேல இருந்த காலிப்பர 300 கிராமுக்கு கொண்டு வந்தாரு, இது அந்த ரகத்து வேலதான், பொருள் மட்டும் படகுலருந்து வருது.

யார் வேணாலும் அளக்கலாம், ஆனா சக்கர நாற்காலில வர்ற ஒருத்தர், பார்வை இல்லாத ஒருத்தர் கூட வராம கடைக்குப் போகாதீங்க. ஆட்டோ காச குரூப்ல போட்டுக் குடுங்க. பேசுறத அவங்க பேசட்டும். நமக்குப் படி மட்டும்தான் தெரியும், பார்வை இல்லாதவர் வந்தா கடை முன்னாடி எறக்கின தகர செட்டோட முனையக் காட்டுவாரு. கைத்தடி தரையத்தான் தடவும், நெத்தி உசரத்துல நிக்கிற தகரம் அதுல தட்டாது. பழைய சைக்கிள் டியூப நீளவாக்குல கீறி அந்த ஓரத்துல மாட்டிவிட்டா வெட்டாது, செட்ட ஒசத்துறது அப்புறம் பாத்துக்கலாம். பணம் வந்தா சத்தமா சொல்ற பாக்ஸ் இவங்களுக்கு ரொம்ப ஒத்தாச, சத்தத்த கொறைச்சு வைக்க வேணாம்னு சொல்லுங்க. காது கேக்காதவங்களுக்கு கால்குலேட்டர்ல தொகைய அடிச்சு காட்டினா போதும், கூட வந்தவர்கிட்ட பேசாம அவங்க மொகத்தப் பாத்துப் பேசணும். சங்கு குளிச்சு குளிச்சு காது மந்தமான பெரியவங்களுக்கும் இதே வழிதான்.

கடைக்காரர்கிட்ட எப்பப் போறதுன்னா, கீழக்கரைல ஜும்ஆ நேரம், ராமேஸ்வரத்துல அமாவாசை, எல்லா ஊர்லயும் காலை டீ டைம், இதெல்லாம் வேணாம். ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு பசங்க கையில நேரம் இருக்கும் ஆனா கடைல யாவாரம் இருக்காது, அதனால அப்ப அளந்து வரைஞ்சு மட்டும் வச்சுக்கங்க, காசு பேச்ச படகு கடலுக்கு எறங்கினப்புறம் எடுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் கடை, லாட்ஜுக்கும் சேத்துதான் சொல்லுது, இருந்தாலும் வாயத் தொறந்ததும் சட்டம் பேசாதீங்க. கீழக்கரைல அண்ணன கூப்பிடுற மாதிரி "காக்கா, அரிசி மூட்டை ஏத்துற தள்ளுவண்டியும் இதுலயே ஏறும், முட்டிவலிக்கார அம்மாக்களும் ஏறுவாங்க"ன்னு சொல்லிப் பாருங்க, அடுத்த கேள்வி எவ்ளோ ஆகும்னுதான் வரும். சட்டம் பேசியே ஆகணும்னா கலெக்டர் ஆபீஸ் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒரு மனு.

லாட்ஜ் தனிக் கதை. முன்வாசல்ல அழகா ரேம்ப் இருக்கும், லிஃப்ட்டும் இருக்கும், உள்ள போனா பாத்ரூம் கதவு ரெண்டரை அடிக்கும் கம்மி, அதுக்கும் கீழ ஒரு நிலைப்படி. 3 அடி வேணும், அதுவும் கதவு தொறந்தப்புறம் கெடைக்கிற சந்து 3 அடி. எல்லா ரூமையும் மாத்தச் சொல்லாதீங்க, கீழ்த்தளத்துல ஒரே ஒரு ரூம், வெஸ்டர்ன் டாய்லெட், பக்கத்துல கைப்பிடி. கடக்கரைல சாதா ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் புள்ளி புள்ளியா துரு விடும், 316 கிரேடு கேட்டு வாங்குங்க.

போட்டு முடிச்சதும் வேல முடியல. மறுநாளே அந்த ரேம்ப் மேல ஒரு பைக் நிக்கும், இல்லன்னா தண்ணி கேன் அடுக்கியிருக்கும். பக்கத்துக் கடை பையன் ஒருத்தன பொறுப்பாக்கி விடுங்க. அப்புறம் கூகுள் மேப்ல அந்தக் கடையோட பேஜ்ல போயி சக்கர நாற்காலி வசதி இருக்குன்னு பதிஞ்சு, வாசல்ல டேப்ப நீட்டிப் பிடிச்ச மாதிரி ஒரு போட்டோவும், பாத்ரூம் கதவுக்கு ஒண்ணும் ஏத்துங்க. வெளியூர்லருந்து அப்பா அம்மாவ கூட்டிட்டு வர்றவங்க ரூம் போடுறதுக்கு முன்னாடி தேடுறது அந்த ரெண்டு போட்டோவத்தான்.