டி செல்லை எண்ணத் தொடங்கும் முன்

இந்த வருடமும் மூன்று தீசிஸ் என் மேசைக்கு வந்தன. மூன்றிலும் ஒரே கேள்வி: கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயில் கட்டிக்குள் புகுந்த சிடி8 டி செல்கள் (புற்றுசெல்லைக் கொல்லும் நோயெதிர்ப்பு செல்கள்) அதிகம் இருந்தால் நோயாளி நீண்ட நாள் வாழ்கிறாரா? நானும் இதே கேள்வியோடு ஆரம்பித்தவள்தான். ஸ்லைடை மாற்றி ஒட்டுவது, கண்ட்ரோல் வைக்க மறப்பது போன்றவை ஒரு திட்டில் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லாக் கட்டியையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது

நான் முதலில் வரைந்த கப்லான் மேயர் கோடுகள், அதாவது எத்தனை பேர் எவ்வளவு காலம் பிழைத்தார்கள் என்று காட்டும் வரைபடம், அவ்வளவு அழகு. டி செல் அதிகம் உள்ளவர்கள் மேலே, குறைந்தவர்கள் கீழே. மாநாட்டில் போஸ்டர் போட்டேன். ஒரு மூத்த டாக்டர் பார்த்துவிட்டு, "இதில் போலே எத்தனைம்மா?" என்றார். முழித்தேன். ஊர் திரும்பி, மெழுகில் பதித்து வைத்த கட்டித் துண்டுகளிலிருந்து (பிளாக்குகள்) டிஎன்ஏ எடுத்து சீக்வென்சிங்குக்கு அனுப்பினேன். மேல் கோட்டைத் தூக்கிப் பிடித்திருந்தது, போலே என்ற மரபணு பழுதாகியிருந்த சிலர்தான். அவர்களை நீக்கியதும் இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொண்டன. இரண்டு வருட வேலை!

2013இல் கேன்சர் ஜீனோம் அட்லஸ் என்ற ஆய்வுத் திட்டம் 373 கட்டிகளை ஆராய்ந்து இந்த நோயை நான்கு வகையாகப் பிரித்தது. போலே மரபணு பழுதானால், டிஎன்ஏ நகலெடுக்கும்போது பிழை திருத்தும் வேலை நின்றுபோகும். பிறழ்வுகள் குவியும், அந்நியப் புரதங்கள் பெருகும், டி செல்கள் மொய்க்கும். மைக்ராஸ்கோப்பில் பயமுறுத்தும் கிரேடு 3 கட்டியாகவே பலவும் தெரியும்; ஆனால் நோயாளிகள் மிக நன்றாகப் பிழைக்கிறார்கள். அதனால், 'ஸ்டேஜையும் கிரேடையும் காக்ஸ் மாடலில் (பல காரணிகளைச் சேர்த்துக் கணக்கிடும் புள்ளியியல் முறை) சேர்த்துவிட்டேன்' என்பது பதிலாகாது. எம்எம்ஆர் (டிஎன்ஏ பிழைகளைச் சரிசெய்யும் இன்னொரு அமைப்பு) பழுதான கட்டிகளிலும் டி செல் நிறைய உண்டு, பிழைப்பு என்னவோ நடுத்தரம்தான். பி53 (கட்டி வளராமல் தடுக்கும் மரபணு) பழுதானவற்றில் பெரும்பாலும் செல்லும் குறைவு, பிழைப்பும் மோசம். எல்லாவற்றையும் கலந்தால், டி செல்லை எண்ணுவதாக நினைத்துக்கொண்டு மரபணு வகையை எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

எம்எம்ஆரும் பி53உம் சாதாரண இம்யூனோ சாயத்தில் (குறிப்பிட்ட புரதத்தைக் காட்டும் சாயம்) தெரிந்துவிடும். போலேவுக்கு அப்படி ஒரு சாயம் கிடையாது, சீக்வென்சிங்தான் வழி. "காசில்லை மேடம்" என்கிறார்கள். புரிகிறது. அப்படியானால் முடிவுரையில் டி செல்லை 'தனித்த முன்கணிப்புக் காரணி' என்று எழுதாதீர்கள். 2023இல் ஃபிகோ (சர்வதேச மகப்பேறு, மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு) ஸ்டேஜிங்கிலேயே இந்த வகைகள் நுழைந்துவிட்டன. இன்னமும் அந்த வரியை அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

கட்-ஆஃபைத் தேடிப் பிடிப்பது

கட்-ஆஃப் என்பது டி செல் 'அதிகம்', 'குறைவு' என்று பிரிக்கும் எல்லை. அதை 10, 15, 20 என்று ஒவ்வொன்றாகப் போட்டு, பி மதிப்பு (சிறிதாக இருந்தால் முடிவு தற்செயல் அல்ல என்று கொள்ளும் எண்) எதில் சிறியதோ அதை எடுப்பது. 5 சதவீதமாக இருக்க வேண்டிய பொய் முடிவின் வாய்ப்பு 40 சதவீதம் வரைகூடப் போகும். உயிர்க்காலத் தரவைத் திறப்பதற்கு முன்பே அளவை முடிவு செய்யுங்கள்.

கருப்பைக்கே சொந்தமான செல்கள்

புற்றுநோயே இல்லாத உட்சுவரின் அடியடுக்கிலும் லிம்போசைட் (டி செல்லும் இதில் ஒரு வகை) கூட்டங்கள் இருக்கும். ஓரத்தில் அவை தெரிந்தால் கட்டியின் கணக்கில் சேர்க்காதீர்கள். எபிதீலியத்துக்குள் (புற்றுசெல்களின் அடுக்கு) இருப்பவை தனி, ஸ்ட்ரோமாவில் (அதைத் தாங்கும் திசு) இருப்பவை தனி.

நெக்ரோசிஸ் பகுதி

திசு செத்துப்போன இடம் அது. அங்கே எண்ணாதீர்கள்.

இறந்தார், சரி. எதனால்?

இந்த நோயாளிகளில் பலருக்கு உடல் பருமனும் சர்க்கரையும் சேர்ந்தே இருக்கும். ஆரம்ப ஸ்டேஜில் பிடிபட்டவர்களில் நிறையப் பேரைக் கொண்டுபோவது இதயம். என் பட்டியலில் ஒரு பெண்மணிக்கு டி செல் ஏராளம், ஃபைலில் 'இறந்தார்' என்று மட்டும் இருந்தது. வீட்டுக்கு போன் செய்தேன். மாரடைப்பு என்றார் மகன். கட்டி திரும்பவே இல்லையாம்.