தடையில்லா வணிக ஒப்பந்தத்தை நட்புப் பத்திரமாகப் படிக்காதீர்கள்

நாடுகள் ஒன்றுக்கொன்று இறக்குமதி வரியைக் குறைத்துக்கொள்ளும் தடையில்லா வணிக ஒப்பந்தங்கள் வெளியுறவுக்கு உதவுமா என்று கேட்டால், பலரும் கையெழுத்தான நாளை வைத்தே பதில் சொல்லிவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். பார்க்க வேண்டியது, எந்தச் சரக்குக்கு எவ்வளவு சலுகை, என்ன நிபந்தனை என்று சொல்லும் பின்னிணைப்பை.

இந்தியாவும் இலங்கையும் இப்படியொரு ஒப்பந்தத்தில் 1998 டிசம்பரில் கையெழுத்திட்டன. 2000 மார்ச்சில் அமலுக்கு வந்தது. இலங்கைத் தேயிலைக்கு வரிச்சலுகை உண்டு, ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ வரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் சரக்கு கொச்சி, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்று விதி. இரண்டுமே இந்தியத் தேயிலை குவியும் ஊர்கள்! கொல்லன் தெருவில் ஊசி விற்கச் சொன்ன கதை. ஆயத்த ஆடைக்கு 80 லட்சம் உருப்படி. அதில் 60 லட்சம் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டும் என்பது அன்றைய நிபந்தனை. டெல்லி இதைப் பெருந்தன்மை என்று நினைத்தது. கொழும்பு வணிகருக்கோ கதவைத் திறந்துவிட்டுச் சங்கிலியை மாட்டியது போலிருந்தது. 2008இல் இதைவிட விரிவான ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாகும் கட்டம்வரை வந்து நின்றுபோனதற்கு, இந்தக் கசப்பும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

அடுத்தது, ஏற்றுமதி ஏறினால் உறவும் ஏறிவிட்டது என்று கணக்குப் போடுவது. இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்த சரக்கு சில ஆண்டுகளிலேயே பல மடங்கானது. என்ன சரக்கு? பெரும்பகுதி வனஸ்பதியும் செம்பும். பாமாயிலுக்கு இந்தியாவில் வரி அதிகம், இலங்கையில் குறைவு. அங்கே இறக்கி, வனஸ்பதியாக்கி, வரியில்லாமல் இங்கே அனுப்பினால் லாபம். அந்த ஆலைகளில் இந்திய முதலீடும் இருந்தது என்பது வேடிக்கை. இந்திய உற்பத்தியாளர்கள் கூச்சல் போட, டெல்லி அளவுக் கட்டுப்பாடு கொண்டுவர, அங்கே ஆலைகள் மூடப்பட்டன. நட்புக்காகப் போட்ட ஒப்பந்தத்திலிருந்தே ஒரு மனத்தாங்கல் முளைத்தது.

சரி, போட்டி நாட்டை ஒதுக்கி வைக்கவாவது உதவுமா? இலங்கையின் அம்பாந்தோட்டையைப் பாருங்கள். அந்தத் துறைமுகம் சீனக் கடனில் கட்டப்பட்டு, 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. இலங்கையோடு தடையில்லா வணிக ஒப்பந்தம் வைத்திருந்தது இந்தியா. சீனாவிடம் அப்படி ஒன்றும் இல்லை. வரிச்சலுகை வணிகருக்குப் போகும். துறைமுகம் கட்ட நினைக்கும் அரசுக்குத் தேவை பணம். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதன் பலனை எதிர்பார்க்கக் கூடாது.

ஒப்பந்தம் இருந்தால் சண்டை வராது என்பதும் நம்பத் தகுந்ததல்ல. சீன-ஆஸ்திரேலிய ஒப்பந்தம் 2015 டிசம்பரில் அமலானது. கொரோனா எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டும் என ஆஸ்திரேலியா 2020 ஏப்ரலில் கேட்டது. மே மாதமே அதன் பார்லி மீது சீனா 80 சதவீதத்துக்கு மேல் வரி போட்டது. அப்புறம் ஒயினுக்கும் வந்தது. வரியைக் குறைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடு, ‘அடிமாட்டு விலைக்கு விற்கிறார்கள்’ என்று சொல்லி வேறொரு பெயரில் வரி விதிக்க வழி திறந்தேதான் இருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு ‘அப்படியானால் ஒன்றுக்கும் உதவாது’ என்று முடிவு கட்டுவதும் தவறுதான். பசிபிக் நாடுகளோடு சேர்ந்து வணிக விதிகளைச் சீனாவுக்கு முன் தானே எழுதிவிட நினைத்தது அமெரிக்கா. அதற்கான டிபிபி (TPP) ஒப்பந்தத்தில் 12 நாடுகள் 2016இல் கையெழுத்திட்டன. அடுத்த ஜனவரியில் அதிபர் டிரம்ப் அமெரிக்காவை அதிலிருந்து விலக்கினார். மீதி 11 நாடுகள் கலைந்துவிடவில்லை, அமெரிக்கா இல்லாமலே 2018இல் ஒப்பந்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. 2021 செப்டம்பர் 16 அன்று அதில் சேர மனுப் போட்டது, சீனா. ஆறே நாளில் தைவானும் போட்டது.