டோட்டல் லாஸ் ஆன காரை வாங்கலாமா? ஒரு சர்வேயரின் யோசனை

இன்சூரன்ஸ் கம்பெனி ‘டோட்டல் லாஸ்’ என்று கழித்துவிட்ட கார் எல்லாம் இரும்புக்கடைக்குப் போய்விடுவதில்லை. நிறைய வண்டிகள் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, ‘சிங்கிள் ஓனர், ஷோரூம் கண்டிஷன்’ என்று மறுபடி விற்பனைக்கு வருகின்றன. நான் சென்னையில் மோட்டார் சர்வேயர்; இன்சூரன்ஸ் கிளெய்முக்காக வண்டியின் சேதத்தை மதிப்பிடுகிற ஆள். வண்டியைக் கழிக்கும்போதும் பக்கத்தில் நிற்கிறேன். அப்படி ஒன்றை வாங்கப் போகிற உறவுக்காரர்கள் “ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க” என்று கூப்பிட்டால் அங்கேயும் போய் நிற்கிறேன். டோட்டல் லாஸ் வண்டியே வேண்டாம் என்று யாரிடமும் சொன்னதில்லை. எதனால் கழித்தார்கள் என்று தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

முதலில் கணக்கு. பாலிசியில் ஐடிவி என்று ஒரு தொகை இருக்கும். பாலிசி எடுக்கும்போது அந்த வண்டிக்குக் குறித்த மதிப்பு அதுதான். பழுதுபார்க்கும் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். ஐடிவி 2 லட்சம் உள்ள பழைய சின்னக் கார் ஒன்று முன்னால் போன வேனில் இடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பானெட், ரேடியேட்டர், ஏசி கண்டென்சர், ஹெட்லைட், இரண்டு ஏர்பேக், டாஷ்போர்டு என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் புது பார்ட் விலை போட்டாலே ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும். சேசிஸ் வளையாமலேயே கூட வண்டி கழிந்துவிடும். புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய சாமானும் நல்ல டிங்கரும் இருந்தால் அதைச் சுமாரான செலவில் ஓடவைக்கலாம். அதே கணக்கில் ஐடிவி 10 லட்சம் உள்ள வண்டி கழிய வேண்டுமென்றால் ஏழரை லட்சத்துக்கு அடி விழுந்திருக்க வேண்டும். அது பானெட்டோடு நின்றிருக்காது. கழிக்கும்போது வண்டி எவ்வளவு புதிதோ அவ்வளவு பயப்படுங்கள். ‘ரெண்டு வருஷ வண்டி சார், பாதி விலை’ என்று வருவதில்தான் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள்.

இது இடிபட்ட வண்டிக்கான கணக்கு. தண்ணீரில் மூழ்கியது வேறு கதை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் டாஷ்போர்டு வரை தண்ணீர் ஏறிய கார்கள் வெளியே பார்க்கக் கீறல்கூட இல்லாமல் நின்றன. மிக்ஜாம் போன இரண்டே வாரத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் அதே நிலைமை. இன்ஜினைப் பிரித்துச் சரி செய்துவிடலாம். ஒயரிங்கைச் சரி செய்ய முடியாது. கனெக்டருக்குள் போன சேறு காய்ந்து, பச்சை பூத்து, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து ஒவ்வொன்றாக வேலையைக் காட்டும். இன்றைக்கு பவர் விண்டோ, அடுத்த மாதம் பிரேக்கின் ஏபிஎஸ். டாஷ்போர்டு வரை மூழ்கியதென்றால் எந்த விலைக்கும் வேண்டாம். டிஎன் 11, 14, 22 என்று சென்னைப் பக்கத்து நம்பரோ, தூத்துக்குடியின் 69-ஓ உள்ள வண்டி தேனியிலோ சேலத்திலோ மலிவாக நின்றால், அந்த டிசம்பரில் எங்கே இருந்தது என்று கேளுங்கள்.

திருடு போய், கம்பெனி முழுப்பணமும் கொடுத்த பிறகு போலீஸ் மீட்ட வண்டியும் உண்டு. பேப்பர் சுத்தமாக இருந்தால் இந்த வகையிலேயே நல்லது அதுதான். அபூர்வமாகத்தான் வரும். தீப்பிடித்ததைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் ஆர்.சி. நிலவரம், இன்சூரன்ஸ் தேதி, கடன் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். ஆர்.சி. ரத்தாகாத டோட்டல் லாஸ் வண்டிக்கும் அது ‘ஆக்டிவ்’ என்றே காட்டும், அதனால் அதோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். பழைய பாலிசி காப்பிகளை வாங்கி வரிசையாக வையுங்கள். டோட்டல் லாஸ் பணம் கொடுத்ததும் அந்த பாலிசி முடிந்துவிடும். ஆகவே நடுவில் சில மாதம் இன்சூரன்ஸே இல்லாமல், பிறகு வேறு கம்பெனியில் புதிதாக ஆரம்பித்திருந்தால் அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். கிளெய்ம் வாங்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸையும் பாருங்கள். ஒரே ஓனர், ஐந்து வருடம் விடாமல் கட்டியிருக்கிறார், ஆனால் போனஸ் பூஜ்யம் என்றால் போன வருடம் கிளெய்ம் வாங்கியிருக்கிறார். அப்புறம் கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேசிஸ் நம்பரைச் சொல்லி சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள். ஒழுங்காக வந்துகொண்டிருந்த வண்டி ஒரு மாதத்தோடு நின்றுபோனால், கடைசி ஜாப் கார்டு எதற்கு என்று பார்க்க வேண்டும்.

இதையெல்லாம்விட ஒரு போன் காலில் அதிகம் தெரியும். கழித்த வண்டியை ஏலத்தில் விடும்போது பழைய ஓனரிடமே பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஏலம் எடுத்தவர் தன் பெயருக்கு மாற்றாமல், சரி செய்து அப்படியே விற்கிறார். இரண்டு மூன்று கை மாறிய வண்டி ‘சிங்கிள் ஓனர்’ ஆவது இப்படித்தான். மதுரையில் என் அக்கா மகன் ஒரு டிஎன் 22 செடானைப் பார்த்து வைத்திருந்தான். ஆர்.சி.யில் இருந்த ஓனரைத் தேடிப் பிடித்து நேரடியாகப் பேசு என்றேன். போனை எடுத்தது ஒரு வயதான அம்மா. “அதை அந்த டிசம்பர் மழைக்கப்புறம் இன்சூரன்ஸ்காரங்க எடுத்துட்டுப் போயிட்டாங்களேப்பா, இன்னுமா எங்க பேர்ல இருக்கு?” என்று கேட்டிருக்கிறார். “மாமா, விட்டுடறேன்” என்று ஒரே வரியில் எனக்கு மெசேஜ் வந்தது. ஓனர் நம்பர் தரமாட்டேன் என்கிற புரோக்கரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தண்ணீருக்கு முதல் சோதனை சீட் பெல்ட். யாரும் கடைசி வரை இழுத்துப் பார்ப்பதில்லை. விற்பவரும் அதுவரை கழுவுவதில்லை. பெல்ட் முழுதாக வெளியே வரும்வரை மெதுவாக இழுங்கள். எப்போதும் சுருண்டே கிடக்கும் அந்தக் கடைசி ஒரு முழத்தில் தேநீர்க் கறை மாதிரி ஒரு கோடு, விரலில் ஒட்டும் நைசான மண், இரண்டும் இருந்தால் பேச்சு முடிந்தது. அடுத்து சீட்டுக்கு அடியில் அது நகரும் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி பள்ளத்து மூலையில் வண்டல், பியூஸ் பாக்ஸ் கனெக்டர்களில் பச்சை. உள்ளே பெர்ஃப்யூம் தூக்கலாக அடித்தால் ஏசியை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றி, வெயிலில் கால் மணி நேரம் விட்டுத் திறந்து மோந்து பாருங்கள்.

இடிபட்ட வண்டிக்கு பானெட், கதவு, ஃபெண்டர் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் தெரியும். அதை மட்டும் வைத்து வேண்டாம் என்று சொல்லாதீர்கள், ஃபெண்டர் மாற்றாத கார் நம் ஊரில் ஏது? பானெட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் உள்ள அப்ரான், கதவு பில்லர், டிக்கியின் தரை ஆகிய இடங்களில் கம்பெனி வைத்த ஸ்பாட் வெல்டு ஒரே இடைவெளியில் வட்ட வட்டமாக இருக்கும். அங்கே கை வெல்டிங்கும் தடிப்பான சீலன்ட்டும் தெரிந்தால் அடி உள்ளே போயிருக்கிறது. ஏர்பேக் விளக்கு சாவி போட்டதும் எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள்; உள்ளே ஏர்பேக்கும் இருக்காது. விளக்கையே ஏமாற்றி வைப்பவர்களும் உண்டு, ஆகவே ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கைக் கையோடு அழைத்துப் போங்கள்.

ஒன்றை விடவே கூடாது. கழித்த வண்டிக்கு ‘ஆர்.சி.யோடு’ ஒரு விலை, ‘ஆர்.சி. இல்லாமல்’ ஒரு விலை என்று ஏலம் போகும். முன்னதற்கு விலை அதிகம். சிலர் வண்டிக்காக எடுப்பதே இல்லை, அந்த நம்பருக்காக எடுத்து, அதே மாடலில் திருடிய வண்டி ஒன்றில் பொறிப்பார்கள். சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தைத் துடைத்துவிட்டு, மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். எழுத்து கோணலாக இருந்தாலோ, கிரைண்டர் தடம் தெரிந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் புது பெயின்ட் பளபளத்தாலோ கிளம்பிவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்து, ‘ஆமாம், டோட்டல் லாஸ்தான்’ என்று விற்பவர் பழுதின் போட்டோவும் பில்லும் காட்டினால் விலை பேசலாம். சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்காவது குறைய வேண்டும் என்பது என் கணக்கு. நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் அந்தக் குறை கூடவே வரும். வெளிப்படையாகச் சொன்னதை ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்குங்கள். பெயர் மாற்றம் முடியும்வரை கொஞ்சம் பணம் கையில் நிற்கட்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற மனு கொடுங்கள். புது பாலிசி எடுப்பதானால், பழைய டோட்டல் லாஸ் பற்றித் தெரிந்ததை அப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். மறைத்தால் பின்னால் கிளெய்ம் வரும்போது உங்கள் பைலைப் புரட்டுவது என்னைப் போல ஒரு ஆள்தான்.