அவசர மருந்துப் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் பல மருத்துவமனைகளிலும் நர்சிங் ஹோம்களிலும் அவசர மருந்துப் பயிற்சி என்பது, மதிய உணவுக்குப் பின் கூட்ட அறையில் ஒரு மணி நேரம் படங்களைக் காட்டி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடுகிறது. இதுவே முதல் தவறு. ஆம்பியூலை (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பியை) உடைத்து, மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றி, அளவைக் கண்ணால் சரிபார்த்துப் பழகாத கை, நெருக்கடியில் நிச்சயம் தடுமாறும்.

மிகவும் கவலை தருவது, கடும் ஒவ்வாமையின்போது நடக்கும் தவறுதான். ஆன்டிபயாடிக் ஊசி போட்ட சில நிமிடங்களில் உடலெங்கும் தடித்து, மூச்சிறைத்து, இரத்த அழுத்தம் சரிகிற நோயாளிக்குப் பழக்கத்தின் காரணமாக அவில் என்ற ஒவ்வாமை மருந்தும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டும் முதலில் போய்விடுகின்றன. உயிரைக் காப்பது அட்ரினலின்; மற்றவை அதற்குப் பிறகே. பெரியவர்களுக்கு 0.5 மி.கி., அதாவது 1 மி.லி.க்கு 1 மி.கி. உள்ள ஆம்பியூலில் பாதி, தொடையின் வெளிப்புற நடுப்பகுதியில் தசைக்குள் செலுத்தப்பட வேண்டும். குழந்தைகளுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 0.01 மி.கி.; முன்னேற்றம் இல்லையெனில் 5 நிமிடங்களில் மீண்டும் தரலாம். நோயாளியைப் படுக்க வைத்திருக்க வேண்டும் என்பதும், திடீரென எழுப்பி நடக்க வைப்பது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதும் பயிற்சியில் அழுத்திச் சொல்லப்பட வேண்டியவை.

இதே ஆம்பியூல்தான் இதயம் நின்றுபோனவருக்கு 1 மி.கி.யாக, 3 முதல் 5 நிமிடங்களுக்கு ஒருமுறை சிரை வழியாகத் தரப்படுகிறது. இரண்டையும் ஒரே பாடத்தில் அடுத்தடுத்துச் சொல்லி முடிப்பதால், துடிப்புள்ள ஒவ்வாமை நோயாளிக்கு முழு ஆம்பியூலும் சிரைக்குள் போகும் அபாயம் உண்டாகிறது. ஆகவே இரண்டையும் தனித்தனிச் சூழல்களாக நடத்திக் காட்ட வேண்டும். ஊசி பிரிக்க முடியாதபடி பொருத்தப்பட்ட இன்சுலின் சிரிஞ்சையும் ஒவ்வாமைக்கான தசை ஊசிக்கு எடுக்கக் கூடாது: அதன் ஊசி தசையை எட்டாது, கோடுகளும் மி.லி. அல்ல, யூனிட்.

அடுத்தது வாய்மொழி உத்தரவு. “பாயின்ட் ஃபைவ்” என்பது இரைச்சலில் “ஃபைவ்” என்று காதில் விழலாம். மருந்தின் பெயர், அளவு, வழி மூன்றையும் செவிலியர் உரக்கத் திருப்பிச் சொல்லி, மருத்துவர் “சரி” என்ற பிறகே ஊசி போக வேண்டும். ‘டாக்டரைக் கேள்வி கேட்பதா’ என்ற தயக்கத்தைப் பயிற்சியில் கலந்துகொள்ளும் மூத்த மருத்துவரே உடைக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த செவிலியரால் அதைத் தனியாகச் செய்ய இயலாது.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை நேரடியாகச் சிரையில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அதை அவசர மருந்து வண்டியில் மற்ற ஆம்பியூல்களோடு கலந்து வைத்துவிட்டு, ‘கவனமாக இருங்கள்’ என்று பாடம் எடுப்பதில் பயனில்லை. அட்ரினலினை வெப்பமும் வெளிச்சமும் கெடுக்கும் என்பதால், கத்திரி வெயிலில் சன்னலோரம் நிற்கும் வண்டியையும் இடம் மாற்ற வேண்டும்.

பகல் ஷிஃப்டுக்கு மட்டும் பயிற்சி தருவதும் தவறே. ஆள் குறைவாக இருக்கும் இரவுப் பணியினருக்குத்தான் அது முதலில் வேண்டும். காலாவதியான ஆம்பியூல்களைக் கொண்டு பழகுவதாக இருந்தால், அவற்றில் ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று ஒட்டி, முடிந்தவுடன் ஒவ்வொன்றையும் எண்ணி வார்டிலிருந்து வெளியேற்றி, வண்டியின் இருப்புப் பட்டியலைச் சரிபார்த்த பிறகே குழு கலைய வேண்டும்.