கார் ஆயில் குடிக்கிறதா? என்ஜினைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆயில் குறைகிறது என்று சொன்னவுடன், பானெட்டைக்கூடத் திறக்காமல் “ரிங் போய்விட்டது, என்ஜின் வேலை பார்த்தாக வேண்டும்” என்று தீர்ப்புச் சொல்லும் பட்டறையில் வண்டியை விட்டுவராதீர்கள். அவர்கள் சொல்வது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான இந்த ரிங் கடைசியில் சந்தேகிக்க வேண்டிய ஆள். அதற்கு முன்னால் வாஷர், பேக்கிங், சின்ன வால்வு என்று விலை குறைந்த சாமான்கள் வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசைப்படியே போவோம்.

முதலில் அளந்து பாருங்கள்

“நிறையக் குடிக்கிறது” என்பது ஓர் அளவு ஆகாது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். வீட்டு வாசல் சரிவாக இருந்தால் தெருவுக்குக் கொண்டுவாருங்கள். ஓடிய என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டால், மேலே ஏறிய ஆயில் சம்ப் என்ற அடித் தொட்டியில் வடிந்துவிடும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுவதும் செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். மேல் கோடு வரை ஆயில் ஊற்றி, அப்போது மீட்டரில் உள்ள கி.மீ. எண்ணை எழுதி வையுங்கள்.

1000 கி.மீ. ஓடிய பிறகு அதே இடத்தில் அதே முறையில் பாருங்கள். திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரி போய்வர ஏறக்குறைய 170 கி.மீ. என்பதால், ஆறு நடையில் கணக்கு முடிந்துவிடும். மீண்டும் மேல் கோட்டைத் தொட எவ்வளவு ஊற்றினீர்களோ, அதுதான் உங்கள் வண்டி குடித்த ஆயில். பல கார்களில் இரு கோடுகளுக்கும் இடையே ஏறத்தாழ 1 லிட்டர் பிடிக்கும்.

சில நிறுவனங்களின் கையேடுகள் 1000 கி.மீ.க்கு 1 லிட்டர் வரைகூட ஏற்கத்தக்கது என்கின்றன. அது உத்தரவாதச் சண்டையில் நிறுவனத்துக்கு உதவும் எண் என்பது என் எண்ணம். நல்ல என்ஜின் ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் இடையே அதிகம் கேட்காது. 1000 கி.மீ.க்கு அரை லிட்டரைத் தாண்டினால் காரணத்தைத் தேடத் தொடங்குங்கள்.

மேல் கோட்டுக்கு மேலே ஊற்றக் கூடாது. என்ஜினின் அடியில் சுழலும் தண்டான கிராங்க் அந்த ஆயிலை அடித்து நுரையாக்கும். மிஞ்சியது ஆவியோடு சேர்ந்து காற்றுக் குழாய்க்குள் போய் எரியும். கையேட்டில் ஆயிலின் தரம் 5டபிள்யூ-30 என்று இருந்தால் அதையே ஊற்றுங்கள். டாஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கை நம்பி இருக்காதீர்கள். அது பெரும்பாலும் ஆயில் அழுத்தத்தைக் காட்டுவது, அளவை அல்ல. அது எரியும்போது என்ஜினை உடனே அணைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. பாளையங்கோட்டைக்கும் பக்கத்திலிருக்கும் திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் இடையே மட்டும் தினமும் ஓடும் வண்டியில், புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் வேலை பாதியில் நின்று, டீசல் ஆயிலோடு கலக்கும். அப்போது ஆயில் அளவு குறையாது, கூடக்கூடச் செய்யும். டிப்ஸ்டிக்கில் டீசல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

கசிவைத் தேடுங்கள்

இரவில் என்ஜினுக்கு அடியில் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்து வையுங்கள். காலையில் சொட்டு விழுந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. விழாவிட்டாலும் கசிவு இல்லை என்று சொல்ல முடியாது. ஓடும்போது மட்டும் கசியும் இடங்கள் உண்டு. திசையன்விளைப் பக்கம் தேரிச் செம்மண்ணில் ஓடும் வண்டியில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஆயில் ஈரத்தில் புழுதி ஒட்டிச் சிவந்த களிம்பாக நிற்கும். அதைத் துடைத்துவிட்டு, ஒரு நாள் ஓட்டி, மறுபடி பாருங்கள். காற்று ஆயிலைப் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் தள்ளும் என்பதால், ஈரம் தெரியும் இடங்களில் எது மிக மேலேயும் முன்னேயும் இருக்கிறதோ அங்கேதான் ஊற்று.

டேப்பட் கவர் என்ற என்ஜின் மேல்மூடியின் பேக்கிங், ஆயில் ஃபில்டரின் அடி, ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் வாஷர் மூன்றையும் முதலில் பாருங்கள். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஈரம் என்றால் கிராங்க் ஆயில் சீல். சீல் விலை குறைவு; கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் அதிகம். எதைப் பார்ப்பதானாலும் வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள்.

புகை என்ன சொல்கிறது

வெளியே கசியவில்லை என்றால் உள்ளே எரிகிறது. எரியும் ஆயில் நீலப் புகை விடும். கரும்புகை எரிபொருள் கூடுதலைக் காட்டும். சூடான பிறகும் நிற்காத வெண்புகையோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் அது என்ஜின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் பேக்கிங் விவகாரம், வேறு கதை.

நீலப் புகை எப்போது வருகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது, பின்னால் ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். ஒரு குப்பென்று புகை வந்து மறைந்தால், வால்வுத் தண்டில் ஆயிலைத் தடுக்கும் வால்வு சீல் இறுகிப்போய், ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. இதை உறுதிப்படுத்தச் செங்கோட்டைப் பக்கம் நல்ல இடம் இருக்கிறது. ஆரியங்காவிலிருந்து புளியரை எஸ் வளைவு வழியாகத் தாழ்ந்த கியரில், ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் இறங்குங்கள். பெட்ரோல் என்ஜினில் அப்போது காற்று வழி அடைபட்டு, உறிஞ்சும் விசை கூடும். தேய்ந்த சீல் வழியே ஆயில் உள்ளே இழுபடும். சமதளம் வந்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பின்கண்ணாடியில் நீலம் தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது. டீசலில் அந்த உறிஞ்சல் குறைவு என்பதால் இந்தச் சோதனை அவ்வளவு பேசாது.

மாறாக, அதே மலையில் பாரத்தோடு ஏறும்போது இடைவிடாமல் நீலப் புகை வந்தால் ரிங்கும், போர் என்ற சிலிண்டர் உட்சுவரும் தேய்ந்திருக்க வாய்ப்பு. டர்போ வண்டியில், என்ஜினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றிப் பாருங்கள். லேசான ஆயில் படலம் சகஜம், தேங்கி நின்றால் டர்போவைச் சந்தேகியுங்கள். பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தால், கறுத்து ஈரமாக இருக்கும் பிளக் எந்த சிலிண்டர் என்பதைச் சொல்லிவிடும்.

மறந்துபோகும் சின்ன வால்வு

பிஸ்டனைத் தாண்டிக் கீழே வரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைத்துக்கொண்டால், அழுத்தம் ஏறி ஆயிலைச் சீல்கள் வழியே தள்ளும். திறந்தபடி சிக்கிக்கொண்டாலோ ஆயிலைக் காற்றுக் குழாய்க்கே அனுப்பும். பல வண்டிகளில் அதைக் கழற்றிக் குலுக்கினால் கலகலவென்று ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் புதிது போடுங்கள். கையோடு ஏர் ஃபில்டரையும் பாருங்கள். கிழிந்த ஃபில்டர் வழியே போகும் தேரி மணல் சிலிண்டரை அரைத்துவிடும்.

இதற்கும் மேலே பட்டறைதான்

ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். பெட்ரோல் என்ஜினில் ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடக் குறைவாகக் காட்டினால், அதற்குள் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. டீசலில் ஆயில் விட்டு அளக்க வேண்டாம். இரண்டு எண்களையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எண் தர மறுக்கும் பட்டறைக்கு வேலையைத் தராதீர்கள்.

கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் ஆயில் எரிகிறதா? ஆயில் ரிங் கரியில் சிக்கியிருக்கலாம், அல்லது வால்வு சீல். பல என்ஜின்களில் ஹெட்டை இறக்காமலேயே சீல் மாற்ற முடியும் என்பதால் முதலில் அதைக் கேளுங்கள். ரிங் மாற்றுவது என்றால் சிலிண்டரை அளந்து பார்க்காமல் புது ரிங்கை மட்டும் போட விடாதீர்கள். போர் முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் அந்த ரிங்கும் சரியாக உட்காராது. புது ரிங் போட்ட வண்டி பழகும்வரை கொஞ்சம் ஆயில் எடுக்கும். ஆகவே முதல் 1000 கி.மீ.யை விட்டுவிட்டு அடுத்த 1000 கி.மீ.யில் அளந்து பாருங்கள்.

பழைய வண்டி, 2000 கி.மீ.க்கு 1 லிட்டர், புகையும் பெரிதாக இல்லை என்றால் நான் என்ஜினைப் பிரிக்க மாட்டேன். டிக்கியில் ஒரு லிட்டர் டப்பாவை வைத்துக்கொண்டு, பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் டிப்ஸ்டிக்கைப் பார்ப்பேன். அதிகமாக எரிந்தால் மட்டும் அப்படி விட முடியாது, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெட்டுவிடும்.