கல்யாண டிவிடி வெளிநாட்டில் ஏன் ஓடவில்லை? தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள்

மதுரையில் எழுதிய கல்யாண டிவிடி லண்டனில் ஓடும், டொரோண்டோவில் பல பிளேயர்களில் ஓடாது. கேட்டால் எல்லாரும் 'ரீஜன் கோட்' என்பார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல.

ரீஜன் கோட் என்பது கடையில் விற்கும் படங்களுக்கான பூட்டு. உறையின் பின்பக்கம் உலக உருண்டைப் படத்துக்குள் ஓர் எண் இருக்கும். இந்தியா, இலங்கைக்கு 5. அமெரிக்கா, கனடாவுக்கு 1, பிரிட்டன் உள்ளிட்ட ஐரோப்பாவுக்கு 2, சிங்கப்பூர், மலேசியாவுக்கு 3, ஆஸ்திரேலியாவுக்கு 4. பிளேயரின் எண்ணும் டிஸ்க்கின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். கம்ப்யூட்டர் டிரைவில் இந்த எண்ணை 5 முறைதான் மாற்றலாம். கடைசியாக வைத்தது அப்படியே நின்றுவிடும். ஒரே ஒரு படத்துக்காக அவசரப்பட்டு மாற்றாதீர்கள். வீட்டிலோ ஸ்டுடியோவிலோ எழுதும் டிஸ்க்கில் பொதுவாக இந்தப் பூட்டே இருக்காது.

அப்படியானால் டொரோண்டோவில் என்ன தடை? 'பால்' (PAL), 'என்டிஎஸ்சி' (NTSC) என்ற டிவி முறைகள்தான். இந்தியா, இலங்கை, பிரிட்டனில் பால்: 720 x 576 புள்ளிகள், நொடிக்கு 25 படங்கள். வட அமெரிக்காவில் என்டிஎஸ்சி: 720 x 480, நொடிக்கு ஏறத்தாழ 30. முறை மாறினால் படம் மேலும் கீழும் உருளும், கறுப்பு வெள்ளையாகும், அல்லது பிளேயர் டிஸ்க்கையே ஏற்காது. முதலில் பிளேயரின் செட்டப் மெனுவில் 'டிவி சிஸ்டம்' பகுதிக்குப் போய் 'ஆட்டோ' அல்லது 'மல்டி' இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கம்ப்யூட்டரில் விஎல்சி (VLC) என்ற வீடியோ மென்பொருளில் போட்டுப் பாருங்கள்; அதற்கு இரண்டும் ஒன்றுதான். கனடாவுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் என்டிஎஸ்சியில் ஒரு பிரதி தரும்படி ஸ்டுடியோவில் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்த சொல் 'ஃபைனலைஸ்'. எழுதி முடித்த டிஸ்க்கை மூடி, மற்ற பிளேயர்களும் படிக்கும்படி முடிவுக்குறி போடுவது. இதை விட்டுவிட்டால் எழுதிய மெஷினில் மட்டும் ஓடும், வேறு பிளேயர் 'நோ டிஸ்க்' என்று காட்டும். எழுதிய மெஷினிலேயே மறுபடி போட்டு ஃபைனலைஸ் செய்தால் சரியாகிவிடும்.

எம்பி4 கோப்பை அப்படியே டிஸ்க்கில் போட்டால் அது 'டேட்டா டிஸ்க்'. பழைய பிளேயர் படிக்காது. 'டிவிடி வீடியோ' என்பது வேறு. அதில் 'வீடியோ_டிஎஸ்' என்ற ஃபோல்டர் இருக்கும், அதற்குள் விஓபி, ஐஎஃப்ஓ, பியூபி கோப்புகள். படமும் ஒலியும் விஓபியில், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1 ஜிபி. ஐஎஃப்ஓ எந்தக் காட்சி எங்கே என்று பிளேயருக்குக் காட்டும் வழிகாட்டி. பியூபி அதன் நகல். கம்ப்யூட்டரில் சேமிக்கும்போது முழு ஃபோல்டரையும் எடுங்கள். விஓபியை மட்டும் எடுத்தால் மெனு போய்விடும்.

வெற்று டிஸ்க்கில் 'மைனஸ் ஆர்', 'பிளஸ் ஆர்' இரண்டும் ஒருமுறை மட்டுமே எழுத. 'ஆர்டபிள்யூ' அழித்து எழுத. 4.7 ஜிபி டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் 4.37 என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றவில்லை. டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, கம்ப்யூட்டர் 1024 ஆக எண்ணுகிறது. 'டூயல் லேயர்' என்றால் 8.5 ஜிபி. படம் நடுவில் ஒரு கணம் நின்று ஓடுவது லேசர் ஓர் அடுக்கிலிருந்து மறு அடுக்குக்கு மாறுவதால், பழுதில்லை. டிஸ்க்கில் 16எக்ஸ் (எழுதக்கூடிய அதிகபட்ச வேகம்) என்று இருந்தாலும் 8எக்ஸ் வேகத்தில் எழுதுங்கள். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

டிஸ்க்கின் கனம் 1.2 மி.மீ.; 0.6 மி.மீ. தகடுகள் இரண்டை ஒட்டியது. பதிவு அந்த ஒட்டுக்கு நடுவே இருக்கிறது. அதனால் மேலே காகித லேபிள் ஒட்டாதீர்கள். சூட்டில் டிஸ்க் வளைந்து, சுழலும்போது ஆடும். மார்க்கரால் பெயர் எழுதினால் போதும். துடைப்பதானால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடும், பிளேயரால் அதைச் சரிக்கட்ட முடியாது.