கட்டுமரம் ஏன் கிளம்பவில்லை? இன்ஹெரிட்டன்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் துறைமுகத்துப் படகுகளை வைத்து ஒரு ஜாவா புராஜெக்ட் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குத்தான் தடை, கட்டுமரத்துக்கு இல்லை. 'படகு' கிளாஸில் 'கிளம்பு' என்றொரு மெத்தட். அது 'தடை உண்டா' என்ற பிரைவேட் (அந்த கிளாஸுக்குள் மட்டும் தெரியும்) மெத்தடைக் கூப்பிட்டுத் தேதியைச் சரிபார்க்கும். 'கட்டுமரம்' கிளாஸ் படகை எக்ஸ்டெண்ட் செய்கிறது, அதாவது படகில் உள்ளதை வாரிசாகப் பெறும் பிள்ளை கிளாஸ் அது; இதுதான் இன்ஹெரிட்டன்ஸ். அதிலும் 'தடை உண்டா' என்று எழுதி, எப்போதும் ஃபால்ஸ் வரும்படி செய்தாயிற்று.

ஏப்ரல் 20 என்று தேதி கொடுத்து ஓட்டிப் பாருங்கள். கட்டுமரம் கரையிலேயே நிற்கும். கம்பைலர் வாயே திறக்காது. பிரைவேட் மெத்தடை ஓவர்ரைடு செய்ய (பிள்ளை கிளாஸில் மாற்றி எழுத) முடியாது என்பதால், நீங்கள் எழுதியது அதே பெயரில் வேறொரு மெத்தட். 'கிளம்பு' தன் கிளாஸில் உள்ளதைத்தான் கூப்பிடும். மெத்தடுக்கு மேலே ஓவர்ரைடு அனோட்டேஷன் (கம்பைலருக்கான குறிப்பு) போட்டிருந்தால் கம்பைல் செய்யும்போதே பிழை காட்டியிருக்கும். அதைப் போடாமல் எழுதுவது வெறும் சோம்பேறித்தனம். சி பிளஸ் பிளஸ் பழகியவர்கள் இதில் கூடுதலாகக் குழம்புவார்கள்: அங்கே விர்ச்சுவலாக இருந்தால் பிரைவேட் ஃபங்ஷனையும் ஓவர்ரைடு செய்யலாம்.

சரி, மெத்தடைப் புரொடெக்டட் ஆக்கினால் வேலை முடியும். அதற்காகப் படகு கிளாஸில் உள்ள டீசல் இருப்பு போன்ற வேரியபிள்களையும் புரொடெக்டட் ஆக்கிவிடாதீர்கள். ஜாவாவில் புரொடெக்டட் என்றால் பிள்ளை கிளாஸுக்கு மட்டுமல்ல, அதே பேக்கேஜில் உள்ள எல்லா கிளாஸுக்கும் திறந்த வீடு. கல்லூரி புராஜெக்டுகளில் எல்லா ஃபைலும் பெரும்பாலும் ஒரே பேக்கேஜில்தான் கிடக்கும். வேரியபிளைப் பிரைவேட்டாகவே வைத்து, மெத்தட் வழியாக மாற்றுங்கள். பைத்தானில் பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு போட்டாலும் அது பூட்டு ஆகாது. கிளாஸ் பெயரை முன்னால் ஒட்டி உள்ளுக்குள் பெயர் மாறுகிறது, அவ்வளவே.

பப்ளிக் மெத்தடைப் பிள்ளை கிளாஸில் பிரைவேட் ஆக்கினால் ஜாவா கம்பைல் ஆகாது. அது உடனே தெரிந்துவிடும், கவலையில்லை.

உண்மையில், கட்டுமரத்துக்கு டீசல் எதற்கு? நாலு வரி மிச்சம் பிடிக்க எக்ஸ்டெண்ட் செய்தால், வேண்டாததும் கூடவே வந்து சேரும். ஜாவா லைப்ரரியே இதில் சறுக்கியிருக்கிறது. ஸ்டாக் கிளாஸ் வெக்டரை (எந்த இடத்திலும் செருகக்கூடிய பட்டியல்) எக்ஸ்டெண்ட் செய்வதால், மேலே மட்டும் வைத்து எடுக்க வேண்டிய ஸ்டாக்கில் நட்டநடுவேயும் ஒன்றைச் செருகலாம். அதற்குப் பதில் டெக் (இரு முனையிலும் வைத்து எடுக்கும் வரிசை) பயன்படுத்துங்கள் என்று ஜாவா ஆவணமே சொல்கிறது.